உஷார்! ரோயிங் மெஷின் மேல் அந்த ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள்

கையில் ஸ்ப்ரே டப்பாவோடு ரோயிங் மெஷின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்களா? அப்படியே நில்லுங்கள். டப்பாவைக் கீழே வையுங்கள். அது துரு நீக்கும் டபிள்யூடி-40 ஆக இருக்கலாம், பாத்ரூம் கழுவுகிற ஆசிடாக இருக்கலாம், பிளீச் கலந்த தரை க்ளீனராகவும் இருக்கலாம். எதுவானாலும் இதைப் படித்து முடிக்கும்வரை அது தரையிலேயே இருக்கட்டும்.

துணி காயப்போடும் கொடியாகிவிட்ட மெஷினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதன் மேல் யாரும் உட்காரப்போவதில்லை, அதனால் யாருக்கும் அடிபடப்போவதும் இல்லை. தினமும் காலையில் ஒழுங்காக உட்கார்ந்து இழுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் பயம். தப்பான திரவத்தைக் கொண்டு, தப்பான இடத்தில், மிகுந்த பாசத்தோடு துடைப்பவர்கள் அவர்கள்தான்.

பயப்படக் காரணம் இருக்கிறது. துடுப்புப் போடுவது கைவேலை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது காலால் உதைக்கிற வேலை. இரண்டு கால்களையும் பலகையில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் தள்ளுகிறீர்கள். அந்த விசை முழுவதும் ஒரே ஒரு செயின் வழியாக, சில மாடல்களில் ஒரே ஒரு பட்டை வழியாக, முன்னால் இருக்கும் சக்கரத்துக்குப் போகிறது. நடுவில் வேறு பிடிமானம் கிடையாது. முழு வேகத்தில் உதைக்கும்போது அந்தச் செயினோ, கைப்பிடியோடு அதைச் சேர்க்கும் கொக்கியோ விட்டுப்போனால், நீங்கள் மல்லாந்து பின்பக்கம் போவீர்கள். நம் வீடுகளில் மெஷினுக்குப் பின்னால் என்ன இருக்கும்? சுவர். இல்லாவிட்டால் கட்டில் கால், பீரோ முனை.

அதனால் பேச்சைச் செயினிலிருந்தே தொடங்குவோம்.

காற்றுச் சக்கரம் வைத்த மெஷின்களில் உலகம் முழுக்கப் பரவியிருப்பது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து கான்செப்ட்2. டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1976-இல் துடுப்பு செய்து விற்க ஆரம்பித்து, 1981-இல் முதல் ரோயிங் மெஷினைக் கொண்டுவந்தார்கள். அந்த நிறுவனம் பராமரிப்புக் குறிப்பில் சொல்வது ரொம்பச் சுருக்கம்: 50 மணி நேரம் பயன்படுத்தினால் ஒருமுறை செயினுக்கு மினரல் ஆயில் போடுங்கள், டபிள்யூடி-40 மாதிரி கரைப்பான்களைப் போடாதீர்கள். தினம் அரைமணி நேரம் இழுப்பவருக்கு 50 மணி நேரம் என்பது நூறு நாள். கடற்காற்று வீசும் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருந்தால் நான் நூறு நாள் காத்திருக்க மாட்டேன், பாதியிலேயே ஒருமுறை எண்ணெய் போட்டுவிடுவேன்.

டபிள்யூடி-40 ஏன் கூடாது? ஈரத்தை விரட்டவும், இறுகிப்போன துருவைத் தளர்த்தவும் அது நல்ல மருந்து. ஆனால் அதில் பெரும்பங்கு கரைப்பான். செயினின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. தேய்மானம் நடப்பது அங்கேதான். அங்கே தங்கியிருக்கும் எண்ணெயைக் கரைப்பான் கழுவி வெளியே கொண்டுவந்துவிடும். அடித்த அன்று செயின் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். சில வாரங்களில் உள்ளே இரும்பும் இரும்பும் நேராக உரசிக்கொண்டிருக்கும். செயின் நீள ஆரம்பிக்கும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் கதவுக் கீலிலிருந்து கிரைண்டர்வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. தாவர எண்ணெய் காற்று பட்டுப் பட்டுப் பிசுபிசுத்துப் பிசின் மாதிரி ஆகிவிடும். அதில் தூசு ஒட்டும். தூசும் பிசினும் சேர்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். மெல்லிய மினரல் ஆயில் போதும். த்ரீ-இன்-ஒன் எண்ணெய் கிடைத்தால் நல்லது. பழைய துணியிலோ டிஷ்யூவிலோ ஒரு டீஸ்பூன் ஊற்றி, கைப்பிடியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, செயின் நெடுகத் தடவுங்கள். பிறகு உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். சொட்டுகிற அளவுக்கு ஊற்றினால் அது டைல்ஸ் தரையில் விழும். அப்புறம் வழுக்கி விழப்போவது மெஷின் இல்லை.

எண்ணெய் போடும்போதே கண்ணையும் ஓட்டுங்கள். கைப்பிடியோடு சேரும் இடத்தில் செயினின் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? கொக்கியில் வெட்டு விழுந்ததுபோல் தடம் இருக்கிறதா? எந்தக் கண்ணியாவது மடங்க மறுத்து விறைத்து நிற்கிறதா? பட்டை வைத்த மாடலானால் ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். சைக்கிள் கடைக்குத் தூக்கிப்போய் ஒரு கண்ணியை மாற்றிப் போடுவது, பட்டையை முடிச்சுப் போட்டுச் சமாளிப்பது, கொக்கிக்குப் பதில் கம்பி கட்டுவது, இதெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கும் சாமர்த்தியம். மிக்ஸிக்கு, ஃபேனுக்கு அது செல்லும். உங்கள் முதுகெலும்புக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஒரே பிடிமானத்தில் அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். அந்த மாடலுக்கான பாகத்தை வரவழைத்து மாட்டுங்கள்.

இழுத்து முடித்ததும் கைப்பிடியை அப்படியே விட்டுவிடுவதும் வேண்டாம். உள்ளே ஒரு எலாஸ்டிக் கயிறு அதைத் திரும்ப இழுக்கிறது. படீரென்று போய் மோதினால் செயினுக்கும் கேடு, முன்னால் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையின் முகத்துக்கும் கேடு. மெல்லக் கொண்டுபோய் வையுங்கள். அப்படி வைக்கும்போது கைப்பிடி முழுதாக உள்ளே போகாமல் தொங்கினால், கயிறு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சீட் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெயே கூடாது. ஒரு சொட்டுகூட. அதில் படியும் கருப்பு அழுக்கு, சீட்டின் சக்கரம் தேய்ந்து வியர்வையோடு கலந்தது. ஒவ்வொரு முறை முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அடையாற்றில் 1867 முதல் இருந்துவரும் மெட்ராஸ் போட் கிளப் மாதிரியான இடங்களில், தண்ணீரிலிருந்து ஏறியதும் படகைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குள் வைப்பது வழக்கம். வீட்டு மெஷின் ஆற்றையே பார்த்ததில்லை என்றாலும், அதன் மேலும் உப்புத் தண்ணீர்தான் கொட்டுகிறது: உங்கள் வியர்வை. அதன் மேல் பிளீச்சையும் ஊற்றினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் இன்னும் மோசம். அதன் பொடித்துகள்கள் கீறலில் தங்கித் துருப்பிடிக்கும். காந்தத்தால் இயங்கும் மெஷினில் நேராகப் போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். (ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறவர்கள் தயவுசெய்து முன்காலில் வையுங்கள். தண்டவாளத்தில் வைத்தால் அடுத்த நாள் காலை சீட் அதை அரைக்கும்.)

சக்கரத்தின் கூண்டுக்குள் சேரும் தூசு வேறு மாதிரி ஏமாற்று வேலை செய்கிறது. பஞ்சு, தலைமுடி, ஊதுவத்திச் சாம்பல் எல்லாம் துளைகளை அடைக்க அடைக்க உள்ளே போகும் காற்று குறைகிறது. இழுப்பு லேசாகிறது. ‘நமக்குப் பலம் கூடிவிட்டது’ என்று நினைத்து, காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரை 4-இலிருந்து 7, 8 என்று ஏற்றிக்கொண்டே போவோம். பிறகு ஒரு நாள் சுத்தம் செய்த கையோடு, அல்லது வெளியூர் ஜிம்மில் ஒரு புது மெஷினில், அதே எண்ணை வைத்து முதல் இழுப்பை இழுப்போம். இடுப்பு பிடித்துக்கொள்ளும். மானிட்டரில் டிராக் ஃபேக்டர் என்று ஒரு அளவு காட்டும் வசதி இருந்தால் டேம்பர் எண்ணை நம்பாமல் அதைப் பாருங்கள். தூசை வேக்குவம் க்ளீனரால் உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். மானிட்டர் மேலும் நேரடியாக எதையும் அடிக்காதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள்.

இப்போது உண்மையிலேயே உயிரோடு விளையாடுகிற விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டி வைத்த மர மெஷின். 2013-இல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரில் கெவின் ஸ்பேசி இருட்டு அறையில் இழுத்துக்கொண்டிருப்பாரே, அந்த வகை. பார்க்க அழகு, சத்தமும் அழகு. சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. ஜன்னல் வெயில் பட்டால் தொட்டிக்குள் பாசி பிடித்துப் பச்சையாகும். போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் உப்புப் படிந்து வெள்ளைத் திட்டுகள் விழும்.

பச்சையைப் பார்த்ததும் நம் கை தானாகப் பிளீச்சிங் பவுடருக்குப் போகும். கிணற்றுக்கும் சம்ப்புக்கும் போட்ட பழக்கம். வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் ஆசிடுக்குப் போகும். இரண்டும் ஒரே தொட்டிக்குள் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915-இல் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்ட அதே வாயு. மூடிய படுக்கையறையில், ஏசி ஓடுகிற நேரத்தில், தொட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டு இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். தொட்டிக்கென்றே விற்கும் சுத்திகரிப்பு மாத்திரையும் பல நேரம் குளோரின் சேர்மம்தான். ஆகவே மாத்திரை போட்ட தண்ணீரில் வினிகரோ எலுமிச்சை உப்போ போடுவதும் ஆபத்து. மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பதும் கூடாது. இரண்டு வகைக் குளோரின் சேர்மங்கள் கலந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

செய்ய வேண்டியது சாதாரண வேலை. மெஷினை வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். நிறம் மாறிய தண்ணீரைக் கைப்பம்ப்பால் முழுக்க எடுத்துவிட்டு, உப்பு குறைந்த நல்ல தண்ணீரை நிரப்புங்கள். தயாரிப்பாளர் சொன்ன மாத்திரையை, சொன்ன அளவில் மட்டும் போடுங்கள். பாலிகார்பனேட் தொட்டியாக இருந்தால் அம்மோனியா கலந்த கண்ணாடி க்ளீனரும் தின்னரும் அதன் பக்கமே வரக்கூடாது, மயிரிழை விரிசல் விழும். ஒரு நாள் காலையில் பதினேழு லிட்டர் தண்ணீரும் படுக்கையறையில் ஓடும்.

அந்தத் தண்ணீர் மட்டுமே 17 கிலோ. மெஷினைத் தூக்கிச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்துகிற வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், சுவரோடு ஒரு பட்டை போட்டுக் கட்டாமல் விடாதீர்கள். படுக்கவைத்திருந்தால் சீட்டின் அடியில் விரல் மாட்டும். பெரியவர் இழுக்கும்போது தவழும் குழந்தை அந்த அறையில் இருக்கவே கூடாது.

இன்னொன்று, இதயத் துடிப்பு பார்க்க மார்பில் கட்டும் பெல்ட். அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றும்போது பழையதை மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ‘வெளியே வந்துவிடும், பார்க்கலாம்’ என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே ஓடுங்கள்.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார், அதில் மயங்க வேண்டாம். கைப்பிடியைக் கடைசிவரை இழுத்து, செயினைக் கண்ணி கண்ணியாக விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ‘அண்ணே, இதுக்கு என்ன எண்ணெய் போடுவீங்க?’ என்று கேளுங்கள். ‘எண்ணெயா? வாங்கினதிலேர்ந்து போட்டதே இல்லை தம்பி, அவ்வளவு நல்ல மெஷின்’ என்று பெருமையாகச் சொன்னால், புதுச் செயினின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.