உள்ளங்காலைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?

போன வருஷம் அப்பாவின் உள்ளங்காலில் ஒரு கருப்புத் திட்டு. கால் ஆணின்னு நினைச்சு ஆறு மாசமா பிளேடால சீவிக்கிட்டு இருந்திருக்கார். தற்செயலாகத்தான் என் கண்ணில் பட்டது. தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "செருப்பு அழுத்தின ரத்தக்கட்டுதான். ஆனா அடுத்த தடவை ஆறு மாசம் காத்திருக்காதீங்க" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகள் இவை.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரங்களுக்குத்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. தோலில் இருக்கும் மெலனின் புறஊதாக் கதிர்களை ஓரளவு தடுப்பதால் நமக்கு வாய்ப்பு குறைவுதான். ஆனால் மெலனோமாவில் ஒரு வகைக்கு வெயில் காரணமே இல்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடங்களில் வரும். கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் அதிகமும் இந்த இடங்களில்தான்.

பாப் மார்லிக்கு வந்தது இதுதான். 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் கால்பந்து ஆடிப் பட்ட காயம் என்றே நினைத்திருந்தார். 1981 மே 11இல் இறந்தபோது வயது 36.

சீக்கிரம் கண்டுபிடிப்பதால் என்ன லாபம்? மெலனோமா தோலின் மேலடுக்கில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. எவ்வளவு ஆழம் என்பதே முக்கியம். 1970இல் பிரெஸ்லோ என்ற மருத்துவர் இதை மில்லிமீட்டரில் அளந்து காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுத்தாலே போதும். ஆழமாகப் போனால் நிணநீர், ரத்தம் வழியாக நுரையீரல், கல்லீரல், மூளைவரை பரவிவிடும்.

ஆக, மாசம் ஒரு தடவை, குளிச்சதும் பாருங்க. உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், முதுகு (இதுக்கு வீட்ல யாரையாவது கூப்பிடணும்). கவனிக்க வேண்டியவை:

- இரு பாதியும் ஒரே மாதிரி இல்லாத, ஓரம் ஒழுங்கற்ற, பல நிறம் கலந்த மச்சம். 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கூடுதல் கவனம்.
- மாறிக்கொண்டே இருக்கும் எந்தப் புள்ளியும். செல்போனில் படம் எடுத்து வைத்தால் ஒப்பிடலாம்.
- ஒரே ஒரு நகத்தில் வந்து அகலமாகும் கருங்கோடு. பல நகங்களில் மெல்லிய கோடு இருப்பது நம்மிடம் சகஜம்.
- ஆறாத புண், குறிப்பாகப் பழைய தீக்காயத் தழும்பில்.
- புடவை, வேட்டி இறுக்கிக் கட்டும் இடுப்பு. அங்கே வரும் புற்றைப் பற்றி பம்பாயின் கானோல்கர் 1945லேயே எழுதியிருக்கிறார்.

இதில் எது இருந்தாலும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று மட்டுமே அர்த்தம்.

அப்பா இப்போ மாசாமாசம் முணுமுணுத்துக்கிட்டே காலைத் தூக்கிக் காட்டுறார். பிளேடை நான் ஒளிச்சு வெச்சுட்டேன்.