ஸ்லிம்மா, ஸ்கின்னியா?

அகராதியைப் புரட்டினால் ஸ்லிம், தின், ஸ்கின்னி, லீன் எல்லாமே 'ஒல்லி'தான். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதில் அப்படி விழாது. ஒரே பெண்ணிடம் 'ஸ்லிம்' என்றால் பாராட்டு. 'ஸ்கின்னி' என்றால் எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்ற குத்தல். 'தின்' பொதுச் சொல், நோயில் இளைத்தவருக்கும் பொருந்தும். கொழுப்பில்லாமல் தசை இறுகிய ஓட்டக்காரர் 'லீன்'. பசியிலோ நோயிலோ கன்னம் ஒட்டிப்போனால் 'காண்ட்'. நெடுநெடுவென வளர்ந்து, நீண்ட கைகால்களோடு தடுமாறும் பையன் 'லேங்கி'. குட்டையான ஒல்லி ஆளுக்கு அந்தச் சொல் ஒட்டாது.

பருமனுக்கு வந்தால் ஆணா பெண்ணா, வயது என்ன என்பதும் சேர்ந்துகொள்ளும். கொழுகொழு குழந்தை 'சப்பி'. குட்டையாக, கட்டுமஸ்தாக இருப்பவர் 'ஸ்டாக்கி'. வாட்டசாட்டமான ஆண் 'பர்லி'. தொந்தியும் தோரணையுமாக வலம்வரும் நடுவயது மனிதர் 'போர்ட்லி'.

இதே வரிசையில் வரும் 'ஸ்டவுட்' நெடுந்தூரம் வந்த சொல். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது செருக்கையும் வீரத்தையும் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் 'குண்டு' என்பதை நாகரிகமாகச் சொல்லும் சொல்லாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் துணி வியாபாரம் அதைப் பிடித்துக்கொண்டது. லித்துவேனியாவிலிருந்து குடியேறி நியூயார்க்கில் கர்ப்பிணிகளுக்கு உடை தைத்துப் பெயர் வாங்கிய லீனா பிரையன்ட், பருமனான பெண்களுக்கும் ஆயத்த ஆடை செய்ய முனைந்தார். பொறியாளரான அவருடைய கணவர் ஆல்பர்ட் மால்சின், வாடிக்கையாளர்கள் சுமார் 4,500 பேரை அளவெடுத்துப் பார்த்தார். 'ஸ்டவுட்' என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டவர்களுக்குள் மூன்று விதமான உடல்வாகு இருப்பது தெரிந்தது. சிலருக்கு மேலுடம்பு பருமன், சிலருக்கு இடுப்புக்குக் கீழே. எல்லாருக்கும் ஒரே வெட்டு எப்படிப் பொருந்தும்?

சிறுவர் உடையில் பாரபட்சம் பளிச்சென்று தெரிந்தது. பருமனான பையனின் சட்டைக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் 'ஹஸ்கி'. அதில் திடகாத்திரம் தொனிக்கும். அதே உடல்வாகுள்ள சிறுமியின் கவுனுக்கோ 'சப்பி'. அவனுக்குப் பலம், அவளுக்குக் கொழுப்பு! அந்தப் பெயர்களும் உறுத்தத் தொடங்கவே, 'பிளஸ் சைஸ்' என்ற பெயர் பரவியது.

நாமும் சும்மா இல்லை. குண்டானவரை 'கொஞ்சம் ஹெல்தி' என்று நம் ஊர் ஆங்கிலத்தில் பூசி மெழுகுகிறோம். லண்டனில் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்: நோய்நொடி இல்லாதவர் என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவார்!