கொதிநீரில் பிறக்கும் கவசம்

பள்ளி நாடகத்தில் போர்வீரன் வேடமிடுபவனின் மார்புக் கவசம் பெரும்பாலும் அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டியதாகவே இருக்கும். உண்மையான கவசம் என்றால் இரும்பு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் தோலாலும் கவசங்கள் செய்தார்கள். பழந்தமிழில் ‘தோல்’ என்ற சொல்லுக்கே கேடயம் என்ற பொருளும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் கடினமாக்கிய தோலுக்குக் ‘குயிர் பூயி’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்குக் ‘கொதிக்கவைத்த தோல்’ என்று பொருள்.

தோலில் என்ன லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். மார்புக் கவசத்தின் பரப்பு 2,500 சதுர செ.மீ. என்று கொள்வோம். 2 மி.மீ. இரும்புத் தகடானால் அதன் பருமன் 500 கன செ.மீ.; எடை ஏறத்தாழ 3.9 கிலோ. 5 மி.மீ. தடிமனுள்ள தோலானால் எடை சுமார் 1.25 கிலோதான்!

எங்கள் காட்பாடியில் பள்ளி நாடகம் ஒன்றிற்காக இத்தகைய கவசம் செய்து தர நான் ஒப்புக்கொண்டேன். ஆம்பூரிலிருந்து காலணித் தோல் துண்டுகள் எளிதாகக் கிடைத்தன. அவற்றைக் கொதிநீரில் இட்டேன். உலர்ந்த பின் எடுத்துப் பார்த்தால், துணி போல மடிந்தன! நாடகத்துக்கு நான்கே நாட்கள் இருந்தன. தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். வெட்டிய விளிம்பைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “இது குரோம் தோலுங்க சார். எவ்வளவு கொதிச்சாலும் இறுகாது. பட்டையில பதப்படுத்தின தோல் கொண்டாங்க.”

இயற்பியல் கற்பிக்கும் எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்குக் காரணம் என்ன?

தோலின் முதன்மையான பொருள் கொலாஜன் என்னும் புரதம். அதன் மூலக்கூறு மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. இந்த முப்புரி வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர் ஆய்வின் துணையால் விளக்கினர். சூடேறும்போது மூலக்கூறின் அதிர்வு மிகுந்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் முறுக்கு அவிழ்கிறது. நீண்டு நின்ற இழைகள் சுருண்டுகொள்ள, தோல் சட்டென்று சுருங்கித் தடிக்கிறது. உலரும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன.

பதனிடாத தோலுக்கு இவ்வெப்பநிலை சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ். ஆவாரம்பட்டை போன்றவற்றின் டானின் கொண்டு பதனிட்டால், பெரும்பாலும் 75 முதல் 85 டிகிரிவரை உயரும். குரோமிய உப்போ இழைகளை இன்னும் உறுதியாகப் பிணைத்துவிடுகிறது. நன்கு பதனிட்ட குரோம் தோல் 100 டிகிரியையும் தாங்கும். திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாதே! பிறகு அந்தத் தோல் எப்படி இறுகும்?

பெரியவர் சொன்ன தோலை வாங்கி, 10 செ.மீ. நீளமுள்ள துண்டு ஒன்றைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பின் 85 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தினேன். கண்ணெதிரே அது 7 செ.மீ. ஆனது! ஆகவே 7 செ.மீ. தகடு வேண்டுமானால் 10 செ.மீ. வெட்ட வேண்டும். தகடுகளை வெந்நீரிலிருந்து எடுத்ததும், இளஞ்சூட்டிலேயே துளையிட்டு, இரு பலகைகளுக்கு இடையே வைத்துக் கல்லால் அழுத்தி உலர்த்தினேன். மறுநாள் அவை மரச்சில்லுகள் போல ஒலித்தன. ஆசியாவின் பல நாடுகளில் செய்ததுபோல், அவற்றைக் கயிற்றால் வரிசையாகக் கோத்தோம். நாடகத்தன்று மாணவர்களின் மரவாள்கள் அதில் பட்டுத் தெறித்தன.

நீங்களும் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இரு துண்டுகளைச் சோதிக்கலாம். வெட்டிய விளிம்பு உள்வரை பழுப்பாயிருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். நீலச்சாயல் இருந்தால் குரோம் தோல். வெப்பமானியை நீரில் வைத்து, எந்த வெப்பநிலையில் தோல் சுருங்கத் தொடங்குகிறது என்று குறியுங்கள். அதிக நேரம் வேகவிட்டால் தோல் நொறுங்கிவிடும். குரோம் தோலை ஒருபோதும் எரிக்காதீர்கள்; நச்சுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகலாம்.

கடைசியாக ஒரு கேள்வி: குழம்பில் வேகும் இறைச்சித் துண்டு சுருங்குவது ஏன்? விடையின் ஒரு பகுதி உங்களுக்கு இப்போதே தெரியும்!