நடந்தது நடந்ததுதான்: பெரகலயிலிருந்து பார்க்கும்போது ஹொலிவூட்டின் இரண்டாம் பாகங்கள்

2024ஆம் ஆண்டில் உலகளவில் அதிக வசூல் பெற்ற முதல் பத்து ஹொலிவூட் திரைப்படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்சைட் அவுட் 2’, ‘டெட்பூல் அன்ட் வுல்வரின்’, ‘மோவானா 2’, ‘டெஸ்பிகபிள் மீ 4’, ‘டியூன்: பார்ட் டூ’ என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒன்பது படங்கள், ஏற்கெனவே வந்த ஒரு படத்தின் தொடர்ச்சி அல்லது முன்கதை. மிஞ்சியது ‘விக்கெட்’ மட்டும்தான். அதுவும் ஒரு பிரபல மேடை இசை நாடகத்தின் முதற்பாதி. மறுபாதி 2025 நவம்பரில் வெளியானது.

திரை விமர்சனம் என் தொழிலல்ல. நான் இருப்பது பெரகலயில். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ4 வீதியில், ஹப்புத்தளைக்கு ஏறும் பாதை பிரிகிற சந்தி அது. இங்கே தியேட்டர் கிடையாது. வேலையாகக் கொழும்புக்குப் போனால் ஒரு படம் பார்ப்பேன். மற்றபடி டிஷ் அன்டனாவில் வரும் தமிழ்நாட்டு அலைவரிசைகளில் தமிழ் பேசும் ஹொலிவூட் படங்கள்தான், இல்லையென்றால் கைத்தொலைபேசி. தோட்டங்களில் பலரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். அதனால் முதலாம் பாகத்தைப் பார்க்காமலே மூன்றாம் பாகத்தைப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமான விஷயம். அதையும் முதல் அரை மணித்தியாலம் முடிந்த பிறகுதான் பார்க்கத் தொடங்குவோம்.

இப்படிப் பார்ப்பவர்களுக்கு ஒரு தொடர் படம் எப்போது பிடிக்கிறது, எப்போது பிடிப்பதில்லை? இதற்கு எனக்கொரு விடை கிடைத்திருக்கிறது. அதற்கு முன்னர், இத்தனை இரண்டாம் பாகங்கள் ஏன் வருகின்றன என்பதைப் பார்த்துவிடலாம்.

காரணம் கணக்குத்தான். ஒரு பெரிய ஹொலிவூட் படத்துக்கு இன்று 200 மில்லியன் டொலர் செலவாவது சாதாரணம். விளம்பரச் செலவு தனி. டிக்கட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரருக்குப் போய்விடும். ஆகவே போட்ட காசை எடுக்கவே செலவின் இரண்டு மடங்குக்கு மேல் வசூலாக வேண்டும். இவ்வளவு பணத்தை யாரும் கேள்விப்படாத ஒரு கதையில் போடுவதற்குத் தயாரிப்பு நிறுவனங்கள் பயப்படுகின்றன. தெரிந்த பெயர் என்றால் ஷங்காயிலும் சென்னையிலும் கொழும்பிலும் அது என்னவென்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடைக்காரர் தெரிந்த ஆளுக்குத்தான் கடன் கொடுப்பார் அல்லவா? அதே நியாயம்தான்.

ஆனால் தெரிந்த பெயர் மட்டும் போதாது என்பதை 2023இல் வெளியான ‘த மார்வல்ஸ்’ காட்டியது. 2008இல் ‘அயன் மேன்’ மூலம் தொடங்கிய மார்வல் வரிசையில் அது 33ஆவது படம். கதையை முழுமையாகப் பிடித்துக்கொள்ள முந்தைய படத்தைப் பார்த்திருந்தால் போதாது. இரண்டு தொலைக்காட்சித் தொடர்களையும் பார்த்திருக்க வேண்டும். படம் பார்க்கப் போனவருக்கு வீட்டுப்பாடம் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. உலகளவில் சுமார் 206 மில்லியன் டொலருடன், அந்த வரிசையிலேயே மிகக் குறைவாக வசூலித்த படமாக அது முடிந்தது.

வீட்டுப்பாடத்தையாவது செய்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் படங்களில் எதுவும் முடிவாக முடிவதில்லை என்பது.

2017இல் வந்த ‘லோகன்’ படத்தில் வுல்வரின் இறந்துபோகிறான். காட்டில் ஒரு சிறுமி அவனைப் புதைக்கும் காட்சியில் மனம் கனத்துவிடும். 2024இன் ‘டெட்பூல் அன்ட் வுல்வரின்’ அந்தப் புதைகுழியைத் தோண்டி, எலும்புக்கூட்டை வெளியே எடுத்து, அதையே ஆயுதமாக்கிச் சண்டை போடுவதில்தான் தொடங்குகிறது. பின்னர் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து வேறொரு வுல்வரின் வருகிறான். நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. படம் 1.3 பில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் இனி ‘லோகன்’ படத்தைத் திரும்பப் பார்த்தால் அந்தக் கடைசிக் காட்சியில் பழைய கனம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

அயன் மேனும் அப்படித்தான். 2019இன் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது அயன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பழைய குரலுக்குப் பழகியிருந்த ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். ஒரு குரல் மாறியதற்கே இவ்வளவு வருத்தப்பட்டவர்கள், அந்தப் பாத்திரம் இறந்தபோது கண் கலங்கியது பொய்யில்லை. 2024இல், அதே ரொபர்ட் டவுனி ஜூனியர் அடுத்த அவெஞ்சர்ஸ் படத்தில் டொக்டர் டூம் என்ற வில்லனாக வருவார் என்று அறிவித்தார்கள். பாத்திரம் வேறு என்பது உண்மைதான். ஆனால் முகம் அதேதான். அழுது அனுப்பிவைத்தவரைச் சந்தியில் மறுபடி கண்டால் எப்படியிருக்கும்?

ஜுராசிக் படங்களில் ஆட்கள் மாறுவார்கள். புத்தி மட்டும் மாறாது. 1993இலிருந்து 2025இன் ‘ஜுராசிக் வேர்ல்ட்: ரீபர்த்’ வரை ஏழு படங்கள். ஏழாவதிலும் மனிதர்கள் தீவுக்குப் போகிறார்கள், டைனோசர் துரத்துகிறது. டைனோசர்களைப் பார்த்துப் பார்த்து மக்களுக்குச் சலித்துவிட்டது என்று அந்தப் படத்திலேயே ஒரு செய்தி வருகிறது. பார்ப்பவர் மனதில் உள்ளதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இனி, பிடித்த படங்களுக்கு வருகிறேன்.

‘டொப் கன்’ 1986இல் வந்தது. ‘டொப் கன்: மேவரிக்’ 2022இல், 36 ஆண்டுகள் கழித்து வந்தது. முதற்படத்தில் நாயகனுடைய நண்பன் விமானப் பயிற்சியில் இறந்துபோகிறான். இரண்டாவது படம் அந்த மரணத்தை அழிக்கவில்லை. இறந்தவனின் மகன் வளர்ந்து, மனதில் கோபத்தோடு நாயகன் முன்னால் வந்து நிற்கிறான். தொண்டைப் புற்றுநோயால் குரலைப் பெருமளவு இழந்திருந்த வெல் கில்மருடைய நோயையும் கதைக்குள் எடுத்துக்கொண்டார்கள்; அவருடைய பாத்திரம் பெரும்பாலும் கணினியில் எழுதித்தான் பேசுகிறது. முதற்படத்தைப் பார்க்காதவருக்கும் அந்தக் காட்சி விளங்கும். கில்மர் 2025இல் காலமானார்.

‘இன்சைட் அவுட் 2’உம் அப்படித்தான். 2015இல் 11 வயதுச் சிறுமியாக இருந்த ரைலிக்கு இப்போது 13 வயது. வயது கூடியதால் மனதுக்குள் பதற்றம் என்ற புதிய உணர்ச்சி குடிவருகிறது. கதைக்குத் தேவையான மாற்றத்தை வேறு பிரபஞ்சத்திலிருந்து கொண்டுவரவில்லை, வயதே கொண்டுவந்தது. 2024இல் உலகிலேயே அதிகம் வசூலித்த படமும் அதுதான்: சுமார் 1.7 பில்லியன் டொலர்.

ஆக, என் விடை இதுதான். முதலாம் பாகத்தில் நடந்தது நடந்ததுதான் என்று ஒப்புக்கொள்ளும் இரண்டாம் பாகம் மனதில் நிற்கிறது. நடந்ததை அழித்துவிட்டு மறுபடி தொடங்கும் படம் பார்த்துச் சிரித்ததோடு முடிந்துவிடுகிறது.

இது வசூலுக்கான சூத்திரம் அல்ல. அதற்கு ஓர் உதாரணம் நம் நாட்டோடு தொடர்புடையது. 1984இல் வந்த இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படமான ‘டெம்பிள் ஒஃப் டூம்’, முந்தைய படத்துக்கு முன்கதை. இந்தியாவில் நடப்பதாகச் சொல்லப்படும் அந்தக் கதையின் வெளிப்புறக் காட்சிகளைக் கண்டிப் பகுதியில் எடுத்தார்கள். படத்தில் வரும் ‘இந்தியக் கிராமத்து’ மக்கள் பேசுவது சிங்களம்! சுமார் 40 ஆண்டுகள் கழித்து, 2023இல் வந்த ஐந்தாவது படத்தில் ஜோன்ஸ் மகனை இழந்து, மனைவியைப் பிரிந்து தனியாக வாழும் முதியவர். காலத்தை மறைக்காத அந்தக் கதை எனக்குப் பிடித்தது. ஆனால் அது சுமார் 384 மில்லியன் டொலர்தான் வசூலித்தது. ஆன செலவுக்கு அது போதவில்லை.

கடைசியாக, இந்த மலையில் இருந்துகொண்டு சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாத ஒரு படம்: 2024இல் வந்த ‘ட்விஸ்டர்ஸ்’. 1996இல் வந்த ‘ட்விஸ்டர்’ படத்தின் தொடர்ச்சி என்றாலும் பழைய பாத்திரங்கள் யாரும் இதில் இல்லை. தொடக்கத்திலேயே சூறாவளி நாயகியின் நண்பர்களைக் கொண்டுபோய்விடுகிறது. ஐந்து வருடங்கள் கழித்தும் அவள் அதிலிருந்து மீளவில்லை. அதே படத்தில் இன்னொருவர் வருகிறார்: சூறாவளி வீட்டைத் தூக்கிய இடங்களுக்குப் போய், நொந்துபோய் இருப்பவர்களிடம் குறைந்த விலைக்குக் காணி வாங்கும் வியாபாரி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான். அழிவுக்குப் பிறகு காணி யாருக்கு என்ற கேள்வி இப்படியான படங்களில் அபூர்வம்.

பெரகலயிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கினால் கொஸ்லந்த. அதற்கு அருகில்தான் மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மலை சரிந்து லயன்களை மூடியது. அது ஆபத்தான சரிவு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. பேரழிவுப் படங்களில் எப்போதும் ஒரு விஞ்ஞானி எச்சரிப்பார், அதிகாரிகள் கேட்கமாட்டார்கள், பிறகு எல்லோரும் வாகனங்களில் ஏறித் தப்பி ஓடுவார்கள். இங்கே எச்சரிக்கை வந்தால் போவதற்கு இடம் வேண்டும். தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக லயனில் இருப்பவருக்கு அந்த லயன் அறைகூடச் சொந்தமில்லை. மீரியபெத்தயில் உயிர் தப்பியவர்களில் பலர் நீண்ட காலம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்க நேர்ந்தது.

அது முதலாம் பாகமும் அல்ல, கடைசிப் பாகமும் அல்ல. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகல தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கைகள் இப்போது தொலைபேசிக்கே வருகின்றன. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மழை விட்டதும் பலர் திரும்பி வருவது அதே சரிவுக்குத்தான்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு புதிய தொடர் படத்தைப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டால், முந்தைய படத்தில் இறந்தவர்கள் இதில் இறந்தவர்களாகவே இருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்கிறேன். ஆம் என்றால் பஸ் காசும் டிக்கட் காசும் வீண்போகாது. இல்லையென்றால் தொலைக்காட்சியில் வரும்வரை பொறுத்திருக்கலாம். அதே கேள்வியை, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் எதுவும் நடக்காததுபோல மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நம் வீடமைப்புத் திட்டங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே மீரியபெத்தயில் நடந்தது நடந்ததாகவே கணக்கில் இருக்கிறதா?