பூட்டிய வீட்டில் பனிக்காலம்: காப்புறுதி என்ன கேட்கிறது?

டிசம்பர் பாடசாலை விடுமுறை தொடங்கியதும் ரொறன்ரோப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பல யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ விமானம் ஏறிவிடும். அவ்வளவு தூரம் போனால் மூன்று கிழமையாவது நிற்காமல் யாரும் திரும்புவதில்லை. கள்வருக்குப் பயந்து கதவை இரட்டைப் பூட்டுப் போட்டு, கமராவும் பொருத்திவிட்டுப் போகிறோம். சுவருக்குள் வெடிக்கும் தண்ணீர்க் குழாயை அந்தக் கமரா காட்டாது.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். வெளியே குளிர் மைனஸ் 20க்கு இறங்கிய இரவில் ஃபர்னஸ் நின்றுவிட்டால், வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களும் கராஜுக்கு மேலே ஓடும் குழாய்களும் முதலில் உறையும். பனிக்கட்டிக்கும் மூடிய டாப்புக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, குழாய் பிளக்கும். உறைந்திருக்கும் வரை ஒரு சொட்டும் கசியாது. இளகியதும் கொட்டத் தொடங்கி, யாராவது வந்து மூடும்வரை கொட்டிக்கொண்டே இருக்கும்.

பலர் வாசிக்காத நிபந்தனை

"காப்புறுதி இருக்குத்தானே" என்று இருந்துவிடாதீர்கள். கனடாவில் வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பலவற்றில் ஒரு நிபந்தனை உண்டு. வெப்பமூட்டும் பருவத்தில் தொடர்ந்து 4 நாளுக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால், குழாய் உறைந்து நேரும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. இதிலிருந்து தப்ப வழமையாக இரண்டு வழிகள்: வெப்பம் வருகிறதா என்று பார்க்கப் பொறுப்பான ஒருவர் தினமும் வீட்டுக்குள் போகவேண்டும், அல்லது தண்ணீரை மூடி, குழாய்களில் உள்ளதையும் வடித்துவிட வேண்டும். நாள் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். 30 நாளுக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று புரோக்கரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலுக்குப் பிறகு சாட்சி இராது.

"நான் கிழமைக்கு ஒருக்கா எட்டிப் பாக்கிறன், நீ யோசிக்காமல் போ" என்று மச்சான் திறப்பை வாங்கிக்கொள்வார். நல்ல மனம்தான், ஆனால் ஒப்பந்தம் தினமும் என்று கேட்டால் கிழமைக்கு ஒருமுறை போதாது. போகிறவர் தெர்மோஸ்டாட்டைத் திகதியும் நேரமும் தெரியப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பட்டும். நாளை தகராறு வந்தால் அதுதான் ஆதாரம்.

புறப்படுமுன்

தண்ணீரை மூடும் பிரதான வால்வு பெரும்பாலும் பேஸ்மென்ட்டில், தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதை மூடி, எல்லா டாப்புகளையும் திறந்து, கழிப்பறைத் தொட்டியையும் ஃப்ளஷ் செய்து வடியவிடுங்கள். பொயிலரில் சூடாகும் வீடு என்றால் முதலில் தொழில்நுட்பவியலாளரைக் கேளுங்கள். தண்ணீரை மூடினாலும் வெப்பத்தை முற்றாக நிறுத்தாதீர்கள். 15 பாகைக்குக் கீழே இறக்கவேண்டாம். ஃபர்னஸ் ஃபில்டரை மாற்றுங்கள். பல வீடுகளில் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும்: ஃபர்னஸ் மூச்சு விடுவது அவற்றால்தான். பனி அவற்றை மூடினால் ஃபர்னஸ் நின்றுபோகும். திறப்பு வைத்திருப்பவருக்கு அந்த இடத்தையும் பிரதான வால்வையும் நேரில் காட்டிவிட்டுப் போங்கள்.

நடைபாதையிலும் டிரைவ்வேயிலும் பனி அள்ளவும் ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள். நீங்கள் ஊரில் இல்லை என்பதால் பொறுப்பு நீங்காது. ஒன்ராறியோவில் 2021 முதல், உங்கள் வளவில் பனியில் சறுக்கிக் காயப்பட்டவர் பொதுவாக 60 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தால்தான் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அப்படி ஒரு கடிதம் வந்தால் உடனே காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

சேதம் நேர்ந்துவிட்டால்

முதலில் தண்ணீரை மூடச் சொல்லுங்கள். சேதம் பரவாமல் தடுப்பது உங்கள் கடமை. உடைந்த குழாயை எறியாதீர்கள். எல்லாவற்றையும் படமெடுத்து, செலவு ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். ஒன்ராறியோவின் காப்புறுதிச் சட்ட நிபந்தனைகளின்படி, சத்தியப்படுத்திய இழப்பு விபரப் படிவம் முழுமையாகக் கிடைத்து 60 நாளுக்குள் நிறுவனம் பணம் தரவேண்டும்.

மறுத்தால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் உள்முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போய், அவர்களின் இறுதி நிலைப்பாட்டுக் கடிதத்தைப் பெறுங்கள். அதிலும் திருப்தி இல்லாவிட்டால் ஜெனரல் இன்ஷூரன்ஸ் ஓம்புட்சேவிஸ் என்ற சுயாதீன அமைப்பை நாடலாம்; கட்டணம் இல்லை. ஆனால் வழக்குப் போடும் கெடு, இழப்பு நேர்ந்து ஒரு வருடம் மட்டுமே. முறைப்பாடு நடக்கிறது என்பதால் அது தானாக நீளும் என்று நம்பி இருக்கவேண்டாம். பேச்சுவார்த்தை இழுபட்டால் நேரத்தோடு சட்டத்தரணியைப் பாருங்கள்.

பயணச்சீட்டு எடுத்த கையோடு ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து வாசியுங்கள். தினமும் போகக்கூடிய ஆளைத் தேடவும், புரோக்கரின் பதிலை எழுத்தில் வாங்கவும் அப்போதுதான் அவகாசம் இருக்கும்.