நூலக வேலை வேண்டாம்னு திரும்பிப் போன நூலகர்

செஞ்சிக் கோட்டை ஏறினவங்க, அங்க இருக்கிற நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீங்க. நெல்லைச் சேர்த்து வைக்கிறதே, வேணும்கிறப்போ எடுக்கத்தானே? புத்தகமும் அப்படித்தான்னு சொன்ன ஒருத்தரைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம்: எஸ்.ஆர்.ரங்கநாதன்.

1892-ல சீர்காழியில பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில கணக்கு ஆசிரியர். 1924 ஜனவரியில சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் நூலகர் ஆனார். நூலகப் படிப்பு எதுவும் படிக்கல. கூட்டமா மாணவர்களோட இருந்த மனுஷனுக்கு அந்தத் தனிமை தாங்கல. கொஞ்ச நாள்லயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார். லண்டன் போய்ப் படிச்சிட்டு வந்தும் பிடிக்கலைன்னா பார்க்கலாம்னு அனுப்பி வச்சாங்க.

அங்க படிச்சதோட நிக்காம, நூலகம் நூலகமா ஏறி இறங்கினார். ஒரு கடையில மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளை மாத்தி மாத்திச் சேர்த்தா புதுப்புது உருவம். ஒரு புத்தகத்தோட பொருளையும் இப்படித் துண்டு துண்டாப் பிரிச்சுச் சேர்த்து எண் கொடுக்கலாமே? அதுதான் 1933-ல கோலன் பகுப்பு முறையா வெளிவந்தது. "புத்தகங்கள் பயன்பாட்டுக்கே" என்பது 1931-ல வந்த அவரோட ஐந்து விதிகள்ல முதல் விதி.

இன்னைக்கு வழி தெளிவா இருக்கு: ஏதாவது ஒரு டிகிரி, அப்புறம் பி.லிப்., எம்.லிப். கல்லூரி நூலகர் ஆகணும்னா பொதுவா நெட் அல்லது செட் தேர்ச்சியும் கேப்பாங்க.

செஞ்சி மாதிரி ஊர்ல டிகிரி முடிச்சிட்டு, "இது எனக்குச் சரிவருமா"ன்னு யோசிக்கிறீங்களா? ரங்கநாதனுக்கும் முதல்ல சரிவரல. வேலையைக் கத்துக்கிட்ட பிறகுதான் பிடிச்சது.