பின் சக்கரம் மட்டும் ஏன் சுட்டது?



இந்த மாத சுவர் இதழுக்கு அறிவியல் பகுதி என் பங்கு என்று ஐயா சொன்னார். எரிமலை, சூரியக் குடும்பம் எல்லாம் ஏற்கனவே எழுதியாச்சு. அதனால எங்க வீட்டுலயே நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசா இருக்கிற ஒரு பிரேக் பேடால எங்க பெரியப்பாவும் அண்ணனும் ஒன்றரை மாசம் பேசிக்கவே இல்லை.

பெரியப்பா ஒரு பழைய கார் வாங்கியிருக்காங்க. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். எங்க அண்ணன் லைசன்ஸ் எடுத்ததிலிருந்து அவன்தான் ஓட்டுவான். தை மாசம் பின் சக்கரத்துக்குப் புது பேடு போட்டாங்க. ஆடி வர்றதுக்குள்ள "கீச் கீச்"னு சத்தம். எட்டாயிரம் கிலோமீட்டர் கூட ஓடல. கழற்றிப் பார்த்தா, பின் பக்கப் பேடு தேய்ஞ்சு போச்சு. முன் பக்கம் நல்லா இருக்கு!

"ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே ஓட்டியிருக்கான். இவனை நம்பி எவன் வண்டி குடுப்பான்?" என்று பெரியப்பா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அண்ணனுக்கு ஜெயங்கொண்டத்துல ஒருத்தர்கிட்ட டிரைவர் வேலைக்குச் சொல்றதா இருந்தாங்க. அதையும் நிறுத்திட்டாங்க. அண்ணன் சாவியை ஆணியில மாட்டிட்டு முந்திரிக் காட்டு வேலைக்குப் போயிட்டான். "நான் எடுத்துட்டுதான் ஓட்டினேன் பாப்பா" என்று என்கிட்ட மட்டும் சொன்னான்.

யார் சொல்றது உண்மை? அதைக் கண்டுபிடிக்க முதல்ல பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்.

பிரேக் எப்படிப் பிடிக்குது?

சக்கரத்தோட சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுத்தும். அதுதான் டிஸ்க். அதோட உள்பக்கம் ஒரு பேடு, வெளிப்பக்கம் ஒரு பேடு. காலால மிதிச்சா குழாயில் இருக்கிற பிரேக் ஆயில் அழுத்தப்படும். மூடிய பாத்திரத்தில் இருக்கிற திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினா, அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இது பாஸ்கல் விதி. நாம் பாடத்தில் படித்ததுதான். அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, பேடு ரெண்டும் தட்டைக் கவ்விப் பிடிக்கும். உராய்வால் வண்டி நிற்கும்.

அப்போ வண்டியோட வேகம் எங்கே போச்சு? வெப்பமா மாறிடுச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகுது. அதன் இயக்க ஆற்றல் ½ × 1000 × 20 × 20 = 2,00,000 ஜூல். இது ஒரு லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 78 டிகிரிக்குச் சூடாக்கப் போதும்! ஒவ்வொரு தடவை அந்த வேகத்திலிருந்து நிறுத்தும்போதும் இவ்வளவு சூட்டில் பெரும் பகுதியை அந்தத் தட்டும் பேடும்தான் தாங்குது. அதனாலதான் பேடு தேய்ஞ்சுக்கிட்டே வருது.

எது முதல்ல தேயணும்?

நாம பஸ்ல நின்னுக்கிட்டுப் போகும்போது டிரைவர் திடீர்னு பிரேக் போட்டா என்ன ஆகும்? எல்லாரும் முன்னாடி சாய்வோம். காரும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துப் பக்கம் சாயும், பின் பக்கம் லேசாகும். அதனால முன் பிரேக்குக்குத்தான் பெரும் பங்கு வேலை. பின் பிரேக்கை ரொம்ப அழுத்தினா பின் சக்கரம் சறுக்கி வண்டி திரும்பிடும். அதுக்காகவே பின் பக்கம் அழுத்தத்தைக் குறைச்சு அனுப்புவாங்க. ஆகவே வழக்கமா முன் பேடுதான் முதல்ல தேயும். இப்போ வர்ற கார்களில் கம்ப்யூட்டர் பார்த்துப் பிரேக்கைப் பங்கு பிரிக்கிறதால பின் பக்கத்துக்கும் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. ஆனாலும் சில மாசத்துல தேயாது. பின் பேடு சீக்கிரம் தேயுதுன்னா, நாம மிதிக்காதபோதும் அது தட்டை உரசிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்.

உரசினா சூடாகும் இல்லையா? அங்கேதான் எனக்கு யோசனை வந்துச்சு. ஹேண்ட் பிரேக் ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கும். அண்ணன் அதை எடுக்காம ஓட்டியிருந்தா ரெண்டு பக்கமும் தேய்ஞ்சிருக்கணும். ஆனா கழற்றினப்போ ஒரு பக்கம்தான் மோசம்னு நான் பார்த்தேன்.

சோதனை

பெரியப்பாகிட்ட நேராச் சொல்லப் பயம். பெரியம்மாவிடம் சொன்னேன். அவங்கதான் பேசி ஒத்துக்க வச்சாங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில பெரியப்பாவே ஓட்டினாங்க. ஆண்டிமடம் வரைக்கும் போயிட்டு, அதிகம் பிரேக் போடாம மெதுவா நிறுத்தினாங்க. நான் இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டினேன். (யாரும் தொட்டுப் பார்க்காதீங்க, தோல் உரிஞ்சிடும்!) முன் ரெண்டும் லேசான சூடு. பின் வலது அப்படித்தான். பின் இடது மட்டும் அடுப்புக்கிட்ட நிக்கிற மாதிரி அனல். கருகின வாடையும் வந்துச்சு. ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு ஓட்டினது பெரியப்பாதான்! அவங்க ஒண்ணுமே பேசல.

நேரா மெக்கானிக் மாமா பட்டறைக்குப் போனோம். "ஒரு பக்கத்துக் கேபிள் மட்டும் இறுகினாலும் இப்படிச் சுடும். கழற்றிப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்றார். கேபிள் நல்லா இருந்துச்சு. விட்டவுடனே திரும்பி வந்துச்சு. பேடைக் கழற்றினார். வலது சக்கரத்தில் ரெண்டு பேடும் 7 மில்லிமீட்டர். இடது சக்கரத்தில் வெளிப் பேடு 7, உள் பேடு 2 மில்லிமீட்டர்தான்! நான் என் ஸ்கேலால் அளந்தேன்.

குற்றவாளி யார்?

இந்த மாதிரி பிரேக்கில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள் பேடைத் தட்டின்மேல் தள்ளும். தள்ளினதும் எதிர்விசையால் பிரேக்கின் உடம்பு முழுசும் ரெண்டு பின் மேல வழுக்கி, வெளிப் பேடையும் இழுத்து வந்து சேர்க்கும். மிதியை விட்டா எல்லாம் தளரணும். அந்தப் பின்னுக்கு ஒரு ரப்பர் உறை உண்டு. எங்க வண்டியில் அது கிழிஞ்சிருந்தது. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாடி போனா எவ்வளவு தூசின்னு உங்களுக்கே தெரியும். தூசியும் தண்ணியும் உள்ளே போய், கிரீஸ் காய்ஞ்சு, பின் துருப்பிடிச்சு இறுகிடுச்சு.

துருப்பிடிச்ச தாழ்ப்பாளை நினைச்சுக்கோங்க. தட்டினா உள்ளே போகும், தானா வெளியே வராது. அதே கதைதான். வெளிப் பேடு சரியா வந்து சேரல. உள் பேடு விடாம உரசிக்கிட்டே இருந்துச்சு. தை மாசம் பேடு மாத்தினவங்க பின்னைக் கழற்றிச் சுத்தம் பண்ணல. பேடை மட்டும் மாத்தினா நோய் அப்படியேதான் இருக்கும்.

மாமா பின்னைச் சுத்தம் பண்ணி, புது உறை போட்டு, அதுக்கான தனி கிரீஸ் தடவினார். சாதாரண கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிப்போகுமாம். பேடு ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாத்தினார். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் சமமாப் பிடிக்காது. பேடில் இருந்த தூசியை ஊதாம ஈரத் துணியால துடைச்சார். முன்பெல்லாம் பேடில் அஸ்பெஸ்டாஸ் கலப்பார்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

"இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இரும்போட இரும்பு உரசியிருக்கும். சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சா மிதி உள்ளே போயிடும், பிரேக்கே பிடிக்காது" என்றார் மாமா. அந்த வண்டியிலதான் நாங்க ஒன்பது பேர் நெருக்கி உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம். எனக்கு வயிறு கலங்கிப் போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் பெரியப்பா சாவியை ஆணியிலிருந்து எடுத்து அண்ணன் கையில குடுத்தாங்க. "நாளைக்கு ஜெயங்கொண்டம் போகணும், அந்த ஆளைப் பார்த்துட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னாங்க. மன்னிப்புன்னு வார்த்தை வரல. ஆனா அண்ணன் சிரிச்சான்.

உங்களுக்குத் தெரியுமா?

* இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார்.
* 1953-ல் பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் வென்றது. அதன் பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.
* சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-ல் தொடங்கப்பட்டது.

வீட்டில் சொல்லுங்கள்

1. பிரேக் போடாதபோதும் "கீச்" சத்தம், கருகின வாடை, ஒரு சக்கரம் மட்டும் சூடு என்றால் உடனே காட்டவும்.
2. பேடு 3 மில்லிமீட்டர் ஆனால் மாற்றவும். மாற்றும்போது பின்னையும் பார்க்கச் சொல்லவும்.
3. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.
4. சூடான தட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கோணிப்போகும், விரிசலும் விடலாம்.

செய்து பாருங்கள்

இன்னைக்குச் சாயங்காலம் உங்க சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால சுத்தி விடுங்க. எத்தனை சுத்துன்னு எண்ணுங்க. சீக்கிரம் நின்னா பிரேக் கட்டை எந்தப் பக்கம் உரசுதுன்னு குனிஞ்சு பாருங்க.

யாரையாவது குத்தம் சொல்றதுக்கு முன்னாடியும் இப்படித்தான். ஒரு தடவை குனிஞ்சு பார்த்துடணும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, வரதராஜன்பேட்டை